ஆர்.பி.ஜி. விளையாட்டுகளைப் பெண்களிடம் கொண்டு சேர்ப்பது எப்படி? வடசென்னையை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு கதாபாத்திரத்தை ஏற்று, அதன் திறன்களைப் படிப்படியாக வளர்த்து, நீண்ட கதையொன்றின் போக்கைத் தன் முடிவுகளால் தீர்மானிக்கும் வீடியோ விளையாட்டுகளை ஆர்.பி.ஜி. என்கிறோம். இத்தகைய விளையாட்டைத் தமிழில் உருவாக்கும் சிறு குழுக்களுக்காகவும், வெளியிலிருந்து வரும் விளையாட்டைத் தமிழ்ப் பெண்களிடம் கொண்டு செல்லும் பொறுப்பில் இருப்பவர்களுக்காகவும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். திருவொற்றியூர் முதல் பெரம்பூர் வரையிலான வடசென்னையை முன்வைத்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. இடநெருக்கடியும் நேரநெருக்கடியும் பணக்கணக்கும் நிறைந்த இந்தப் பகுதியில் ஒரு பெண்ணின் கையில் விளையாட்டு போய்ச் சேர்ந்து நிலைத்துவிட்டால், தமிழ்நாட்டின் மற்ற ஊர்களிலும் அது நிலைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கென்று தனியாக ஓர் ஆர்.பி.ஜி. செய்ய வேண்டிய அவசியம் இல்லை. உங்கள் விளையாட்டில் அவர்களை ஈர்க்கும் பகுதி எது என்று கண்டறிந்து அதை மறைக்காமல் காட்டுவதும், வந்தவர்களைத் துரத்தும் காரணங்களை நீக்குவதுமே சந்தைப்படுத்தலின் முழு வேலை.

முதல் படி: பெண்கள் ஏற்கெனவே விளையாடுகிறார்கள் என்பதை ஏற்றுக்கொள்வது

புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். தெருவுக்கு ஒரு கேரம் பலகை இருக்கும் பகுதியில், பெண்களுக்கு விளையாட்டில் போட்டி மனமும் பொறுமையும் இல்லை என்று யாராவது சொன்னால் அதை இங்கே ஒருவரும் நம்பமாட்டார்கள். ஆனாலும் வீடியோ விளையாட்டு என்று வந்தவுடன் அதே எண்ணம் விளையாட்டு நிறுவனங்களின் கூட்ட அறைகளுக்குள் திரும்பி வந்துவிடுகிறது.

ஆர்.பி.ஜி.யின் வரலாறு அந்த எண்ணத்துக்கு இடம் தரவில்லை. 1987இல் வெளிவந்த ஃபேண்டசி ஸ்டார் விளையாட்டின் நாயகி ஆலிஸ் என்ற இளம்பெண். அதன் உருவாக்கத்தில் ரியேகோ கொடாமா என்ற பெண் கலைஞர் முக்கியப் பங்கு வகித்தார். 1994இல் கோயி நிறுவனத்தின் ரூபி பார்ட்டி என்ற பெண்கள் குழு ஆஞ்சலிக் என்ற விளையாட்டைப் பெண்களை மனத்தில் கொண்டே வெளியிட்டது; பெண்களுக்கான காதல் கதை விளையாட்டுகளாக ஜப்பானில் இன்று பெரும் சந்தையாக விளங்கும் ஒட்டோமே வகை அதிலிருந்துதான் கிளைத்தது.

எண்ணிக்கையாகவும் பார்க்கலாம். குவாண்டிக் ஃபவுண்ட்ரி என்ற ஆய்வு நிறுவனம் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட விளையாட்டாளர்களின் பதில்களைக் கொண்டு 2017இல் வெளியிட்ட கணக்கின்படி, மேற்கத்திய ஆர்.பி.ஜி. வகையை விளையாடுவோரில் பெண்கள் சுமார் 26 விழுக்காடு. ஆனால் அதே வகையைச் சேர்ந்த டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன் விளையாட்டில் மட்டும் அது 48 விழுக்காடாக இருந்தது. வாள், மந்திரம், டிராகன் எல்லாம் அந்த வகையின் மற்றப் பல விளையாட்டுகளிலும் உண்டு. ஒரே வகைக்குள் இவ்வளவு பெரிய வேறுபாடு வருமானால், தடையாக இருப்பது வகை அன்று. அந்தந்த விளையாட்டு தன்னை எப்படி அமைத்துக்கொண்டது, எப்படி அறிமுகப்படுத்திக்கொண்டது என்பதே.

இரண்டாம் படி: உங்கள் விளையாட்டைச் சோதித்துப் பார்ப்பது

அதே நிறுவனத்தின் முந்தைய ஆய்வு ஒன்றில், பெண்கள் முதன்மைக் காரணங்களாகக் குறிப்பிட்டவற்றில் தொடங்கியதை முழுமையாக முடிக்கும் நிறைவும், வேறொரு உலகில் வேறொருவராக வாழும் அனுபவமும் முன்னணியில் இருந்தன. ஆண்களிடம் போட்டியும் அழித்தலும் முன்னே வந்தன. இது சராசரிதான், எல்லாப் பெண்களும் அப்படி என்று பொருள் கொள்ளக்கூடாது. ஆனால் அந்த முதல் இரண்டும் ஆர்.பி.ஜி.யின் உயிரான அம்சங்கள் என்பதைக் கவனியுங்கள். விற்க வேண்டியது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஆகவே விளம்பரத்துக்கு ஒரு ரூபாய் ஒதுக்கும் முன் விளையாட்டின் முதல் பதினைந்து நிமிடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு இவற்றைக் கேளுங்கள். பெண் பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்க முடிகிறதா? முடிந்தால், அவள் அணியும் கவசம் போருக்கு உரியதாக இருக்கிறதா அல்லது பார்ப்பவர் கண்ணுக்காக வரையப்பட்டதா? தோல் நிறத்திலும் முடி அமைப்பிலும் இங்குள்ள ஒரு பெண் தன்னைப் போன்ற ஒருத்தியை உருவாக்க முடிகிறதா? கதையில் வரும் மற்றப் பெண்கள் காப்பாற்றப்படுவதற்காக மட்டும் நிற்கிறார்களா? இந்தக் கேள்விகளுக்கு நேர்மையான பதில் கிடைக்காத விளையாட்டை எவ்வளவு நல்ல விளம்பரமும் காப்பாற்றாது. நம் அழைப்பில் வந்தவர் முதல் நாளிலேயே விளையாட்டைப் போனிலிருந்து அழித்துவிட்டுப் போவார்; அதன்பின் தன் தோழிகளிடமும் சொல்வார்.

தமிழில் வெளியிடுபவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. நம் மொழியில் ஒருவரைப் பற்றிப் பேசும்போது சுட்டுப்பெயர் மட்டுமல்ல, ‘வந்தான்’, ‘வந்தாள்’ போன்ற வினைச்சொற்களும் பாலைக் காட்டுகின்றன. பெண் பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்த பிறகும் ஊர்த்தலைவர் பாத்திரம் “இவன்தான் நம்மைக் காப்பாற்ற வந்தவன்” என்று பேசினால், விளையாட்டு தன்னை எண்ணிச் செய்யப்படவில்லை என்பது அவளுக்கு அந்த நொடியில் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லையும் சுட்டுப்பெயரையும் மாற்றினால் முடிந்துவிடும் வேலை, தமிழில் நாயகரைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு உரையாடல் வரிக்கும் இரு வடிவங்களை எழுதிச் சேமிக்கும் வேலையாகிறது. அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சி என்று பிற பாத்திரங்கள் அழைக்கும் முறையும் அப்படியே மாற வேண்டும். இதற்கான நாட்களைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடுங்கள். எழுத்துருவையும் அப்போதே சரிபாருங்கள். விளையாட்டை உருவாக்க உதவும் மென்பொருள்களான எஞ்சின்களில் சிலவற்றின் எழுத்துக் கருவிகள் ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் மெய்யெழுத்துக்குப் பின்னால் தள்ளிக் காட்டுகின்றன. கோடோ எஞ்சினின் நான்காம் பதிப்பு இதைச் சரியாகக் கையாள்கிறது. யூனிட்டி என்ற எஞ்சினில் தனி ஏற்பாடு தேவைப்படும்.

மூன்றாம் படி: யாரிடம் போகிறோம் என்று தெளிவடைவது

‘பெண்கள்’ என்று ஒரே குழு கிடையாது. பிராட்வேயில் 1964 முதல் இயங்கும் பாரதி மகளிர் கல்லூரியின் மாணவி, தண்டையார்பேட்டையில் இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மதியம் ஒரு மணி நேரம் ஓய்வு காணும் இல்லத்தரசி, விம்கோ நகரிலிருந்து மெட்ரோ ஏறி நகரின் மறுமுனைக்கு வேலைக்குப் போகும் பெண், எம்.சி. ரோடு துணிக்கடையில் நாள் முழுவதும் நின்று வேலை பார்க்கும் பெண் ஆகிய நால்வருக்கும் கையிலுள்ள நேரம் வேறு, போன் வேறு, வீட்டில் கிடைக்கும் தனிமை வேறு. இவர்களில் ஒருவரையோ இருவரையோ முதலில் தேர்ந்துகொள்ளுங்கள்.

தேர்ந்துகொண்ட பின் அவர்களோடு உட்கார்ந்து விளையாட்டைப் பார்க்க வேண்டும். ஆறேழு பேர் போதும். கேள்வி கேட்பதைக் குறைத்து, அவர்கள் எங்கே தயங்குகிறார்கள், எங்கே சிரிக்கிறார்கள், எங்கே போனைக் கீழே வைக்கிறார்கள் என்று கவனியுங்கள். ஆண்கள் பின்னால் நின்று “அப்படி இல்ல, இப்படி அழுத்து” என்று சொல்லிக்கொண்டிருக்கும் அறையில் இந்தச் சோதனையை நடத்தாதீர்கள். குழுவிலுள்ள ஒரு பெண் நடத்துவதே சிறப்பு. குழுவில் ஒரு பெண்ணும் இல்லையென்றால், சந்தைப்படுத்தலுக்கு முன் நிரப்ப வேண்டிய இடம் அதுதான்.

பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாக இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. அவர்களது நடத்தையைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் பொதுவாகத் தடுக்கிறது. பள்ளி மாணவிகளை இலக்காகக் கொண்ட விளம்பரத் திட்டத்தை ஆரம்பத்திலேயே கைவிடுங்கள்.

நான்காம் படி: டிரெய்லரும் முகப்புப் படமும்

இங்கே ஓர் உண்மை நிகழ்வை விரிவாகச் சொல்ல வேண்டும். பயோவேர் நிறுவனத்தின் மாஸ் எஃபெக்ட் வரிசையில் கமாண்டர் ஷெப்பர்டு என்ற நாயகரை ஆணாகவோ பெண்ணாகவோ விளையாடலாம். பெண் ஷெப்பர்டுக்குக் குரல் கொடுத்த ஜெனிஃபர் ஹேலின் நடிப்பு ரசிகர்களிடம் பெரும் பாராட்டைப் பெற்றது. ஆனாலும் 2007இலும் 2010இலும் வந்த முதல் இரு பாகங்களின் விளம்பரங்கள் ஆண் ஷெப்பர்டை மட்டுமே முன்னிறுத்தின. கடையில் பெட்டியைப் பார்க்கும் ஒரு பெண்ணுக்கு, அந்த விளையாட்டில் தானும் நாயகியாகலாம் என்ற செய்தியே தெரிய வாய்ப்பில்லை. 2011இல் நிறுவனம் தந்த தகவல்படி, பெண் ஷெப்பர்டைத் தேர்ந்தவர்கள் சுமார் 18 விழுக்காடு.

ரசிகர்களின் தொடர்ந்த கோரிக்கைக்குப் பிறகு 2012இல் வந்த மூன்றாம் பாகத்துக்குத்தான் பெண் ஷெப்பர்டுக்கெனத் தனி டிரெய்லரும், திருப்பிப் போட்டால் அவள் முகம் தெரியும் அட்டையும் கிடைத்தன. அதற்கு முன் அவளது தோற்றத்தை முகநூலில் வாக்கெடுப்பு வைத்து முடிவு செய்தார்கள்; போர்த் தளபதியை அழகிப் போட்டிக்கு நிறுத்தியதாக அது விமர்சிக்கப்பட்டது. 2021இல் மூன்று பாகங்களும் புதுப்பித்து வெளியிடப்பட்டபோது பெண் ஷெப்பர்டைத் தேர்ந்தவர்கள் 32 விழுக்காடு. இடையில் பத்தாண்டுகள் கழிந்து விளையாடுவோரும் மாறிவிட்டதால், இந்த உயர்வுக்கு விளம்பரம் மட்டுமே காரணம் என்று சொல்ல இயலாது. தவிர, இவை பாத்திரத் தேர்வின் கணக்கே. விளையாடியவர் ஆணா பெண்ணா என்பதன் கணக்கு அன்று. ஆயினும், இருக்கும் நாயகியை விளம்பரத்தில் மறைத்து வைப்பதால் இழப்பது என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. மறுபுறம், 2017இல் வந்த ஹொரைசன் ஸீரோ டான் தன் நாயகி ஏலாயை அட்டையின் நடுவிலேயே நிறுத்தியது. இரண்டே ஆண்டுகளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்றன. நாயகியை முன்னிறுத்தினால் ஆண்கள் வாங்கமாட்டார்கள் என்ற அச்சத்துக்கு அந்த எண்ணிக்கையே விடை.

நடைமுறையில் செய்ய வேண்டியது இதுதான்: தேர்வு வசதி இருந்தால் டிரெய்லரின் முதல் ஐந்து நொடிகளுக்குள் பெண் பாத்திரம் தெரிய வேண்டும். அவள் ஒரு செயலைச் செய்பவளாக, ஒரு முடிவை எடுப்பவளாகத் தெரிய வேண்டும். சண்டைக் காட்சிகளுக்கிடையே உடன்வரும் பாத்திரங்களோடு பேசும் காட்சி ஒன்றையும், தேர்வின் விளைவு மாறும் காட்சி ஒன்றையும் சேருங்கள். இளஞ்சிவப்பு நிறத்தையும் பூக்களையும் பெண்களுக்கான அடையாளமாகத் திணிக்காதீர்கள். எரிக் பரோன் தனியொருவராக உருவாக்கி 2016இல் வெளியிட்ட ஸ்டார்டியூ வேலி தன்னைப் பெண்களுக்கான விளையாட்டு என்று அறிவித்துக்கொள்ளவில்லை. பயிரிடலாம், ஊராரோடு பழகலாம், விரும்பியவரை மணக்கலாம் என்று தன்னிடம் உள்ளதைக் காட்டியது. 2024 இறுதிக்குள் அது நான்கு கோடிப் பிரதிகளைத் தாண்டியது.

வடசென்னையைப் படம்பிடிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கத்தியும் ரவுடியும் இல்லாமல் இப்பகுதியைக் காட்டத் தெரியாத விளம்பரம் இங்குள்ள பெண்களை அந்நியப்படுத்தும். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தின் விடியலையும், ஒற்றியூர் வடிவுடையம்மன் கோயில் வெள்ளிக்கிழமையையும் அறிந்தவர்கள் அவர்கள். தங்கள் ஊரின் பேச்சைக் கேலிப்பொருளாக்கும் குரலை உடனே அடையாளம் காண்பார்கள்.

ஐந்தாம் படி: ஸ்டோர் பக்கமும் விலையும்

கூகுள் பிளே போன்ற இணையக் கடைகளில் விளையாட்டுக்கு உள்ள ஸ்டோர் பக்கத்தில் பெரும்பாலோர் எழுதுவது வரைகலையின் சிறப்பையும் ஆயுதங்களின் எண்ணிக்கையையும்தான். நேரமில்லாத ஒரு பெண்ணுக்கு முதலில் தெரிய வேண்டியவை வேறு. எந்த இடத்திலும் நிறுத்திச் சேவ் செய்யலாமா? தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று குரல் கேட்டால், போனை வைத்துவிட்டு ஓடி, இருபது நிமிடம் கழித்து விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா? ஒரே அறையில் எல்லோரும் தூங்கும்போது ஒலியை அணைத்துவிட்டு வசனங்களை வாசித்தே விளையாட முடியுமா? இணையம் இல்லாமல் ஓடுமா? நான்கு ஜிபி நினைவகம் கொண்ட போனிலும், 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய மடிக்கணினியிலும் ஓடுமா? இவற்றுக்கு ‘ஆம்’ என்று சொல்ல முடிந்தால் அதைப் பக்கத்தின் முதல் மூன்று வரிகளுக்குள் சொல்லுங்கள். பலரும் முதலில் வரும் ஸ்கிரீன்ஷாட்டுகளை மட்டுமே பார்ப்பதால், அவற்றின் மேலேயே தமிழில் எழுதுவது இன்னும் நல்லது.

பணம் பற்றிப் பேசும்போது ஆன்லைன் ரம்மியின் நிழலை மறந்துவிடக்கூடாது. ரம்மியில் பணமிழந்த குடும்பங்களின் செய்திகள் தமிழ்நாட்டில் ஆண்டுக்கணக்கில் வந்தன. அதையொட்டி மாநில அரசு சட்டம் இயற்றியது. 2025இல் ஒன்றிய அரசின் சட்டம் பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்தது. இதனால் ‘ஆன்லைன் கேம்’ என்று காதில் விழுந்ததுமே ஒரு தாய் கடனை நினைக்கிறார். அந்த அச்சம் நியாயமானது. “இதில் பணம் கட்டி ஆடுவது கிடையாது, வாங்கினால் ஒரே முறை இவ்வளவு ரூபாய்” என்று வெளிப்படையாக எழுதுவதே இங்கு மிகச் சிறந்த விளம்பர வாசகம்.

அதிர்ஷ்டக் குலுக்கல் முறையில் பாத்திரங்களையும் உடைகளையும் விற்கும் ‘கச்சா’ (gacha) முறையை நான் பரிந்துரைக்கமாட்டேன். 2024 ஜனவரியில் வந்த லவ் அண்ட் டீப்ஸ்பேஸ் போன்று பெண்களுக்கென்றே செய்யப்பட்ட ஆர்.பி.ஜி. விளையாட்டுகள் இம்முறையில் பெரும் வருவாய் ஈட்டுகின்றன என்பது உண்மைதான். ஆனால் மாதச் சம்பளத்தில் ரீசார்ஜுக்கே கணக்குப் பார்க்கும் வீட்டில், எவ்வளவு செலவாகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத பொருளை விற்பது சரியன்று. அந்த முறையைத் தவிர்க்க முடியாதென்றால், கூகுள் பிளேயின் விதிப்படி ஒவ்வொரு பொருளும் கிடைக்கும் வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்பதை வாங்குவதற்கு முன்பே காட்ட வேண்டும்; அதைத் தமிழில், எளிதில் கண்ணில் படும் இடத்தில் காட்டுங்கள். மாதச் செலவுக்கு ஓர் உச்சவரம்பும் வையுங்கள். யுபிஐ வழியே பணம் செலுத்தும் வசதி இல்லாமல் வெளியிட வேண்டாம். கிரெடிட் கார்டு கேட்கும் பக்கத்தோடு பலரது பயணம் முடிந்துவிடும்.

ஆறாம் படி: எங்கே, யார் வழியாகச் சொல்வது

லட்சக்கணக்கில் ஃபாலோயர் வைத்திருக்கும் ஒருவரைவிட, ஆர்.பி.ஜி. விளையாட்டுகளை உண்மையாகவே விரும்பி விளையாடும் சில தமிழ்ப் பெண் ஸ்ட்ரீமர்களை, அதாவது தாங்கள் விளையாடுவதை இணையத்தில் நேரலையாகக் காட்டுபவர்களை, தேடிப் பிடியுங்கள். அவர்களுக்கு வசனம் எழுதிக் கொடுக்காதீர்கள். விளையாட்டை முன்கூட்டியே கொடுத்து, பிடிக்காததையும் சொல்லலாம் என்று உறுதியளித்து, உழைப்புக்கு உரிய பணத்தைத் தந்துவிடுங்கள். பெண்களுக்கு மட்டும் ‘இலவசப் பிரதி போதும்’ என்று பேசும் வழக்கம் இந்தத் துறைக்கு இழுக்கு. பணம் தந்த பதிவில் அது விளம்பரம் என்ற குறிப்பு இருக்க வேண்டும் என்பது இந்திய விளம்பரத் தர மன்றத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அதே மன்றம் 2022இல் பாலின ஒரேவார்ப்பு (ஸ்டீரியோடைப்) விளம்பரங்கள் குறித்தும் வழிகாட்டுதல் தந்துள்ளது. விளம்பர வாசகங்களை எழுதுபவர் அதை ஒருமுறை படித்துவிட வேண்டும்.

நேரில் செய்யக்கூடியவை குறைவு, ஆனால் பயனுள்ளவை. மகளிர் கல்லூரி விழாக்களில் நிர்வாகத்தின் அனுமதியோடு நான்கைந்து போன்களை வைத்து டெமோ விளையாட விடலாம். முதல் பத்து நிமிடத்தைத் தோழிகள் சேர்ந்து பார்த்துச் சிரித்து விளையாடினால், அதுவே வாட்ஸ்அப் குழுக்களில் பேச்சாகும். பர்மா பஜாரில் போன் வாங்கும் கூட்டத்திடம் துண்டறிக்கை கொடுப்பதால் பெரிய பயன் இருக்காது.

ஏழாம் படி: வந்தவர்களைக் காப்பது

இந்தப் படியைப் பலர் தொழில்நுட்பக் குழுவின் வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நான் இதைச் சந்தைப்படுத்தலின் நடுமையமாகக் கருதுகிறேன். பலரோடு சேர்ந்து விளையாடும் இடங்களில், பெண் குரல் கேட்டவுடன் வசைகளும் எண் கேட்கும் தொல்லையும் தொடங்குகின்றன. அதனால் மைக்கை அணைத்துவிட்டு, ஆண் பெயரில் கணக்கு வைத்து விளையாடும் பெண்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். விளம்பரத்துக்குச் செலவிட்டு ஒருவரை அழைத்து வந்து இதற்குள் தள்ளுவது, விருந்துக்கு அழைத்துவிட்டு வாசலில் நாயை அவிழ்த்து விடுவது போன்றது.

வெளியீட்டு நாளுக்கு முன்பே இவை தயாராக இருக்க வேண்டும்: வாய்ஸ் சாட் தொடக்கத்தில் அணைக்கப்பட்டிருத்தல், உண்மைப் பெயரும் தொலைபேசி எண்ணும் பிறருக்குத் தெரியாமை, ஒரே தொடுதலில் தடுக்கவும் புகார் செய்யவும் வசதி, தமிழ் வசைச்சொற்களையும், ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதப்படும் வசைகளையும் பிடிக்கும் வடிகட்டி. வெளிநாட்டில் செய்யப்பட்ட வடிகட்டிகளுக்கு நம் ஊர்க் கெட்ட வார்த்தைகள் தெரியாது; அந்தப் பட்டியலை நீங்களே தொகுக்க வேண்டும். புகாரைப் படிப்பவர் தமிழ் அறிந்த மனிதராக இருக்க வேண்டும். புகார் தந்தவருக்கு முடிவு என்ன என்று பதில் போக வேண்டும். டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில் குழு தொடங்கினால், விதிகளை முதல் வாரத்திலேயே கண்டிப்புடன் நடைமுறைப்படுத்துங்கள். முதல் வாரத்தில் எதைச் சகித்துக்கொள்கிறீர்களோ அதுவே அக்குழுவின் பழக்கமாகிவிடும்.

எட்டாம் படி: அளந்து பார்ப்பது

பெண் பாத்திரத்தைத் தேர்ந்தவர்களை எல்லாம் பெண்கள் என்று எண்ணிக் கணக்கிடாதீர்கள். பெண் பாத்திரத்தில் விளையாடும் ஆண்கள் ஏராளம். பெயரை வைத்து ஊகிப்பதும் சரியன்று. போன் கணவர் பெயரிலோ அப்பா பெயரிலோ இருக்கலாம். சில மணி நேரம் விளையாடிய பிறகு, விருப்பமிருந்தால் மட்டும் பதில் சொல்லும்படி ஒரு சிறு கேள்வியாகக் கேளுங்கள். ‘சொல்ல விரும்பவில்லை’ என்ற தெரிவும் இருக்கட்டும்.

பதிவிறக்க எண்ணிக்கையைவிட முதல் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் திரும்பி வந்தவர்களின் விகிதமே முக்கியம். பெண்கள் ஏழாம் நாளுக்குள் கூடுதலாக விலகினால், எந்த இடத்தில் விலகினார்கள் என்று தேடுங்கள். பாத்திரத்தை உருவாக்கும் திரையிலேயே போய்விட்டார்கள் என்றால் இரண்டாம் படிக்குத் திரும்ப வேண்டும். முதன்முறை மற்றவர்களோடு சேர்ந்து விளையாடிய பிறகு போய்விட்டார்கள் என்றால் ஏழாம் படிக்கு. இரண்டு வெவ்வேறு முகப்புப் படங்களை கூகுள் பிளேயின் சோதனை வசதியில் ஒரே நேரத்தில் போட்டு ஒப்பிடலாம். விலகியவர்களில் தொடர்புக்கு இசைவு தந்தவர்களிடம், அடுத்த புதுப்பிப்பைத் திட்டமிடும் முன் குழுவிலுள்ள ஒரு பெண் நேரடியாகப் பேசட்டும். அந்த உரையாடலின் குறிப்புகள் விளம்பரப் பிரிவிலேயே தங்கிவிடாமல், கதை எழுதுபவரிடமும் நிரலாளரிடமும் அன்றே போய்ச் சேர வேண்டும்.